துக்க மணியில் பாதியில் நின்ற ஓடிபி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் யோசித்துவிட்டேன். நான் பத்தாம் வகுப்புவரை படித்தவன். தூத்துக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன். கணக்கு எழுதத் தெரியும், கதை எழுதத் தெரியாது. அது ஒரு தயக்கம். இன்னொன்று, நான் கிருத்திகை தவறாமல் திருச்செந்தூர் போகிறவன். திருநீறு பூசாமல் அலுவலகப் படி ஏறியது கிடையாது. அப்படிப்பட்டவன் ஒரு வேதக்கார வீட்டில், அதாவது கிறிஸ்தவர் வீட்டில், கண்டதை எழுதினால் நம்மவர்கள் ஒன்று சொல்வார்கள், அவர்கள் ஒன்று சொல்வார்கள். எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் என் மனைவி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஏங்க, நமக்கு ரீஃபண்டு வந்திருக்காம்லா!" முகமெல்லாம் சிரிப்பு. வாங்கிப் பார்த்தேன். அதே எஸ்.எம்.எஸ். பல வருடங்களுக்கு முன் புன்னைக்காயலில் நான் பார்த்த அதே வாசகம், தொகை மட்டும் வேறு. இனியும் எழுதாமல் இருந்தால் முருகன் என்னைக் கேட்பான் என்று தோன்றியது. உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டாரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கப்பல்காரர்கள் கணக்கு

எங்கள் அலுவலகத்துக்குக் கடைக்காரர்கள், லாரி வைத்திருப்பவர்கள், உப்பள முதலாளிகள் என்று பலர் வருவார்கள். அவர்களோடு ஒரு தனிக் கூட்டம் உண்டு, கப்பலில் வேலை செய்பவர்கள். புன்னைக்காயல், மணப்பாடு, காயல்பட்டினம் என்று கடற்கரை ஊர்களிலிருந்து பையன்கள் வெளிநாட்டுக் கப்பல்களில் ஏறுவார்கள். சம்பளம் வீட்டுக்கு வரும். அதை வங்கியில் போட்டு வைப்பார்கள். வட்டி வரும்போது வங்கி டி.டி.எஸ். என்று வரியைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்போர்ட்டிலும் சி.டி.சி. என்கிற கப்பல்காரர் புத்தகத்திலும் உள்ள முத்திரைகளைப் பார்த்து, வருடத்தில் எத்தனை நாள் கடலில் இருந்தார் என்று கணக்கிட்டு ரிட்டர்ன் போட்டால், கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும். அதுதான் ரீஃபண்ட்.

ஆகவே ரீஃபண்ட் என்ற சொல் அந்த வீடுகளில் புதிது அல்ல. அரிசி, பருப்பு மாதிரி புழங்குகிற சொல். ஏமாற்றுக்காரனுக்கு அதுவே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஆள் கடலில் இருப்பான், வங்கியில் பதிந்த சிம் வீட்டில் இருக்கும். நடுக்கடலில் நம் ஊர் சிம்முக்கு எங்கே சிக்னல்? அதனால் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கப்பலில் நெட் கிடைக்கிற நேரத்தில் அவன் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவான். பணம் அனுப்ப வேண்டும், பில் கட்ட வேண்டும் என்றால் அவன் அங்கிருந்து தட்டுவான், ஓடிபி இங்கே வரும், அவள் வாசித்துச் சொல்வாள். தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல் அவசரமாக "நம்பரைச் சொல்லு" என்றால் உடனே சொல்வதுதான் அந்த வீடுகளில் குடும்பம் நடத்துகிற முறை. மற்ற வீடுகளில் ஓடிபி ரகசியம், இங்கே அது புருஷனோடு பேசுகிற பேச்சில் ஒன்று.

வரி கட்டாத அண்ணாச்சி

இந்தப் பொய் எஸ்.எம்.எஸ். முதலில் எங்கள் அலுவலகத்துக்குச் சிரிப்பாகத்தான் வந்தது. பலசரக்குக் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி காலையிலேயே பால்கோவா டப்பாவோடு வந்தார்.

"சார், கவருமெண்டு எனக்கு ரீஃபண்டு குடுத்திருக்கான். முதல்ல நீங்க ஒரு துண்டு எடுத்துக்கிடுங்க" என்றார்.

எங்கள் ஆடிட்டர் சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "வேய், நீரு இதுவரைக்கும் ஒரு ரூவா வரி கட்டியிருக்கீரா?"

"இல்ல."

"ரிட்டர்னாவது போட்டிருக்கீரா?"

"வருசா வருசம் போடணும் போடணும்னுதான் இருக்கேன்."

"கட்டாத வரியை எவன்வே திருப்பித் தருவான்?"

அண்ணாச்சி டப்பாவை மேசைமேல் வைத்தார். "ஒருவேள நல்ல மனுசன் எவனாச்சும் ஆபீசரா வந்திருப்பானோன்னு நெனச்சேன்" என்றார். அலுவலகமே சிரித்தது. பால்கோவாவை எல்லாரும் தின்றோம். அன்று ஆடிட்டர் அந்தப் போனை என்னிடம் கொடுத்து, எது எது பொய் என்று காட்டச் சொன்னார். பத்து இலக்க சாதாரண மொபைல் எண்ணிலிருந்து வந்திருந்தது. தொகை பைசாவோடு இருந்தது, உண்மை மாதிரி தெரியட்டும் என்று. "இன்று மாலைக்குள்" என்று கெடு வைத்திருந்தது. கீழே ஒரு லிங்க், பார்த்தால் அரசாங்க முகவரி மாதிரியே, ஆனால் கடைசியில் வேறு ஏதோ. அதைத் தொட்டால் கணக்கு எண், கார்டு எண், கார்டின் பின்னால் இருக்கிற மூன்று எண் எல்லாம் கேட்கும்.

"நல்லா மனசுல வையும்" என்றார் ஆடிட்டர். "ரீஃபண்டு வரணும்னா ரிட்டர்ன்ல குடுத்த கணக்குக்கு அதுவா வந்து விழும். கார்டு கேக்க மாட்டான், பின் கேக்க மாட்டான், ஓடிபி கேட்டுப் போன் பண்ண மாட்டான்."

மனசில் வைத்துக்கொண்டேன். ஆனால் இது ஒரு வீட்டை எப்படி மூழ்கடிக்கப் பார்க்கும் என்பதை நான் கண்ணால் கண்டது புன்னைக்காயலில்தான்.

ஜெசிந்தா வீடு

ரிட்டர்ன் சீசனில் நானே பஸ் ஏறிப் போய்க் கப்பல்காரர் வீடுகளில் பாஸ்போர்ட் நகல், வங்கிக் காகிதங்கள் வாங்கி வருவது வழக்கம். அப்படிப் போகும் வீடுகளில் ஒன்று ரொசாரியின் வீடு. அவன் மனைவி ஜெசிந்தா. நான் போனால் கலர் சோடா உடைத்துக் கொடுக்காமல் விட மாட்டாள்.

ரொசாரி முதலில் மீன்பிடிக்கிறவன்தான். அதே தெருவைச் சேர்ந்த கஸ்பார் என்பவரோடு கூட்டாக ஒரு படகு வைத்திருந்தான். வலை விஷயத்தில் பேச்சு முற்றி, கடற்கரையில் எல்லார் முன்னாலும் கைகலப்பாகி, கூட்டு உடைந்தது. படகு கஸ்பாரிடம் போனது. ரொசாரி கப்பலுக்குப் போனான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. நல்லது கெட்டதுக்குப் போவதில்லை. மாதா கோயிலில்கூட வேறு வேறு பக்கம் நிற்பார்கள்.

கப்பல் வாழ்க்கை ரொசாரிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சொந்தமாக ஒரு ஃபைபர் படகும் எஞ்சினும் வாங்குகிற அளவுக்குச் சேர்த்துவிட்டால் ஊரோடு வந்துவிடலாம் என்று இருவரும் ஒரே பிடியாக இருந்தார்கள். அந்த வருடம் பணம் சேர்ந்துவிட்டது. "இதான் கடைசி கான்ட்ராக்ட் அண்ணாச்சி. இனி அவுக கப்பல் ஏற மாட்டாக" என்று ஜெசிந்தா முந்தின தடவை சொல்லியிருந்தாள். ஊரில் இருந்த மாதங்களைவிடக் கடலில் இருந்த மாதங்கள்தான் அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில் அதிகம். அந்தக் கணக்கில் இருந்தது பணம் என்று நான் நினைக்கவில்லை. அவள் புருஷன் வீடு திரும்புகிற வழி அது.

மணி

அன்று சனிக்கிழமை, உச்சி வெயில். மேற்கிலிருந்து கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. நான் அவள் தெருவுக்குள் நுழைகிறேன், கோயில் மணி அடித்தது. பூசைக்கு அடிக்கிற மணி இல்லை. ஒரு அடி. நீண்ட இடைவெளி. மறுபடி ஒரு அடி.

தெருவே நின்றது. குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த பெண் குழாயை மூடினாள். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து தலையில் கட்டியிருந்த லேஞ்சியை அவிழ்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒருவர் சைக்கிளை நிறுத்திச் சிலுவை போட்டார்.

"யாருக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே, "முதல்ல செபம் அண்ணாச்சி. பேரு பொறவு" என்றார்.

துக்க மணி அடித்தால் அந்த ஊரில் அப்படித்தான். யார் செத்தார் என்று கேட்பதற்கு முன்னால் செத்தவருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும். கையில் எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட வேண்டும். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுமணலில் நின்று, முருகா என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் காதில் விழுந்தது. ஜெசிந்தா வீட்டு ஜன்னல் தெருப் பக்கம் திறந்திருந்தது. உள்ளே ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? மீதி நம்பரைச் சொல்லுங்க மேடம். டைம் முடியப் போகுது."

எட்டிப் பார்த்தேன். போன் மேசைமேல் கிடக்கிறது. ஜெசிந்தா சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டு, சுவரில் இருந்த மாதா படத்துக்கு முன்னால் கைகுவித்து நிற்கிறாள். வாய் மட்டும் அசைகிறது.

"மேடம்! உங்க ரீஃபண்ட் கேன்சல் ஆயிரும். அப்புறம் இன்கம் டாக்ஸ் ஆபீஸைக் குறை சொல்லக் கூடாது!"

ரீஃபண்ட் என்ற சொல் கேட்டதும் எனக்கு விஷயம் புரிந்தது. ஓடிப் போய்ப் போனைப் பிடுங்க வேண்டும் என்று கால் துடிக்கிறது. ஆனால் தெரு முழுக்க அசையாமல் நிற்கிறது, அவள் செபத்தில் நிற்கிறாள். ஒரு நொடி எனக்கு எதுவும் ஓடவில்லை. மணி மறுபடி அடித்தது. அந்தக் குரல், "அங்க என்ன சத்தம்?" என்றது. "நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும்" என்று அவள் சொன்னது எனக்கே கேட்டது, அவனுக்கும் கேட்டிருக்கும். கொஞ்ச நேரம் அவனும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு மறுபடி தொடங்கினான். இந்த முறை அதட்டல். "இப்ப வேற ஓடிபி அனுப்பியிருக்கேன். பழசு எக்ஸ்பயர் ஆயிருச்சு. உடனே சொல்லலேன்னா உங்க வீட்டுக்காரர் மேல கேஸ் வரும்!"

பழசு காலாவதி ஆகிவிட்டது என்று அவன் வாயாலேயே கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ஜெசிந்தா சிலுவை போட்டுவிட்டுத் திரும்பினாள். அதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். அவள் கை போனுக்குப் போவதற்குள் என் கை போயிற்று.

"சார், இங்கன துட்டி விழுந்திருக்கு, சாவு மணி அடிக்கு. போனை வைங்க" என்றேன். நானே வைத்தேன்.

"அய்யோ அண்ணாச்சி, ஆபீசருல்லா பேசிக்கிட்டு இருந்தாக! ரீஃபண்டு வரும்னு நீங்கதான சொன்னீய?"

"ரீஃபண்டு வரும்மா. இவன் வழியா வராது. எத்தன நம்பர் சொன்ன?"

"மெசேஜ்ல இருந்த லிங்குல கார்டு நம்பரெல்லாம் அடிச்சேன், பொறவு இவுக கூப்பிட்டாக. ஓடிபி பாதி சொல்லியிருப்பேன். மணி அடிச்சிட்டு. போனை மேசையில வச்சிட்டேன்." அதற்குள் அவளுக்குப் புரியத் தொடங்கியிருக்க வேண்டும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவுக கேட்டா சொல்லுத மாதிரியே சொல்லிட்டேன் அண்ணாச்சி. படகுத் துட்டு... இருக்கா?"

அந்த நேரத்தில் செய்தவை

இளையவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் அழுதுகொண்டே நேரத்தை விடுகிறார்கள்.

கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது. அவளுடைய கார்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் வங்கியின் எண் அச்சடித்திருக்கும். இணையத்தில் தேடினால் அங்கேயும் பொய் எண் போட்டு வைத்திருக்கிறார்கள், அதனால் கார்டில் இருக்கிற எண்ணுக்கே என் போனிலிருந்து கூப்பிட்டேன். கேட்ட விவரங்களை எல்லாம் அவளே பேசிச் சொன்னாள். கார்டை முடக்கினார்கள். நெட் பேங்கிங்கை நிறுத்தினார்கள். கடைசியாக என்ன பணம் போயிருக்கிறது என்று அவள் கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் போகலியாம் அண்ணாச்சி" என்றாள். பிறகுதான் அழுதாள்.

அடுத்து சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தோம். அந்த எஸ்.எம்.எஸ்ஸை அழிக்கவில்லை, ஆதாரத்துக்குப் படம் எடுத்து வைத்தோம். பிறகு என் போனில் வருமான வரி இணையதள முகவரியை நானே எழுத்து எழுத்தாகத் தட்டித் திறந்து, அவர்களுடைய ரிட்டர்ன் நிலையைக் காட்டினேன். உண்மையான ரீஃபண்ட் அங்கே பரிசீலனையில் இருந்தது. "பாரும்மா, இங்கன இருக்கதுதான் நெசம்" என்றேன்.

பெயர் பிறகு வந்தது

இவ்வளவும் முடிகிற நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில் வந்து நின்றாள். "ஏளா ஜெசிந்தா, தெரியுமா? கஸ்பாருதாம் போயிட்டாரு. நெஞ்சு வலியாம்."

அந்த அக்கா போன பிறகு ஜெசிந்தா மெதுவாக என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அவருக்குன்னு முன்னாலயே தெரிஞ்சிருந்தா நான் எந்திரிச்சு நின்னிருப்பனோ என்னமோ."

அதைச் சொன்ன குரல் என் காதில் இன்னும் இருக்கிறது. கோயில் கோயிலாகப் போயிருக்கிறேன், சூரசம்காரக் கூட்டத்தில் நெரிபட்டு அழுதிருக்கிறேன். ஆனால் கடவுள் இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுப் போனது போல எனக்கு வேறெங்கும் தோன்றியதில்லை. பெயரை முதலில் சொல்லாமல் வைத்திருக்கிற அந்த ஊர் வழக்கத்தை முதன்முதலில் யார் ஏற்படுத்தினாரோ, அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

அவள் எழுந்து முகத்தைக் கழுவினாள். வேறு சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் அதே அக்கா.

"ஏளா, எங்க கெளம்பிட்ட?"

"துட்டி வீட்டுக்குக்கா."

"யாரு, நீயா? அவுகளுக்கும் உங்களுக்கும்தான் ஆகாதே!"

"அங்கன எனக்கு ஒரு சோலி இருக்குக்கா."

"எழவு வீட்டுல உனக்கு என்னளா சோலி?"

அவள் நடந்தாள். நானும் பின்னால் போனேன். அந்த வீட்டு முற்றத்தில் அவள் நுழைந்ததும் பேச்சுச் சத்தம் அடங்கியது. கஸ்பாரின் மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தார். அவளைப் பார்த்ததும் கையை நீட்டினார். ஜெசிந்தா போய் அவர் மடியில் விழுந்தாள். இரண்டு பெண்களும் அழுத அழுகையில், எது யாருக்கு என்று பிரிக்க முடியாது.

அதற்குப் பிறகு

ரொசாரி அந்தக் கான்ட்ராக்டை முடித்துவிட்டு வந்தான். மறுபடி கப்பல் ஏறவில்லை. படகு வாங்கினான். படகை மந்திரிக்க, அதாவது ஆசீர்வதிக்க, பங்குச் சாமியாரைக் கூப்பிடுவதற்கு முன்னால், கஸ்பாரின் ஆன்மாவுக்காக ஒரு பூசைக்குப் பணம் கொடுத்தான். பூசையில் மைக்கில் வாசித்தார்கள், இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, ஒப்புக்கொடுப்பது ரொசாரி குடும்பம் என்று. கோயிலுக்குள் எல்லாத் தலையும் திரும்பியதாம்.

அந்தத் தலைகள் திரும்பியதிலிருந்துதான் கதைகள் கிளம்பின. பகையாளிக்கு எதற்குப் பூசை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். செத்த கஸ்பாரே வந்து போனைப் பிடுங்கி எறிந்தார் என்று ஒரு பேச்சு. மாதா படத்திலிருந்து ஒளி வந்து போன் அணைந்துபோனது என்று ஒரு பேச்சு. ஆத்தூர் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "விசயம் தெரியுமா அண்ணாச்சி, அந்தப் போன் பேசுனவன் அந்த நிமிசமே வாயடைச்சுச் செத்துட்டானாம்" என்று என்னிடமே சொன்னார். அடுத்த நிறுத்தத்தில் நான் இறங்கிவிட்டேன்.

அலுவலகத்தில் என்னிடம் வேலை கற்றவர்களுக்கு நான் சொன்னது ஒன்றுதான். அவசரப்படுத்துகிற செய்தி வந்தால், போனைக் கவிழ்த்து வையுங்கள். எழுந்து நில்லுங்கள். உங்கள் சாமியை நினைத்து, உங்களுக்காக இல்லை, வேறு யாராவது ஒருவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அது முடிவதற்குள் அவசரம் என்ன ஆகிறது என்று பாருங்கள். நம் துறையில் உண்மையான எந்தக் காரியமும் ஒரு செபம் சொல்லி முடிக்கிற நேரத்தில் கெட்டுப்போவதில்லை. பிறகு லிங்க்கைத் தொடாமல், தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஓடிபியைக் கட்டின புருஷன் கேட்டாலும், அவர் முகத்தை வீடியோவில் பார்க்காமல் சொல்லாதீர்கள். ஜெசிந்தா இப்போது தன் தெருப் பெண்களுக்கு அதைத்தான் சொல்கிறாள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதைப் படித்தவர்கள் கப்பல்காரர் வீடு, வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடு எதற்காவது எடுத்துச் சொல்லுங்கள், இல்லை அப்படியே அனுப்புங்கள். ஆனால் ஒளியைச் சேர்க்காதீர்கள். ஆவியைச் சேர்க்காதீர்கள். அந்தப் போன்காரனைச் சாகடிக்காதீர்கள், அவன் இன்னும் எங்கேயோ உட்கார்ந்து யாருக்கோ எண் தட்டிக்கொண்டிருக்கிறான், அதனால்தான் இதை எழுதுகிறேன். பயந்துபோய் வேண்டிக்கொள்கிறவர்கள் ஒளி வந்து காப்பாற்றும் என்று நம்பி ஓடிபியைச் சொல்லிவிடக் கூடாது. மணி அடித்தது, யாருக்கென்று தெரியாமல் ஒரு பெண் கையிலிருந்ததை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். நடந்தது இவ்வளவுதான். இவ்வளவையே சொல்லுங்கள்.